மருந்துகளை வகை பிரிப்பதில் இருந்து புது இலக்கு தேடுவது வரை: புதிதாக நுழைபவர்களுக்கு

உலக சுகாதார நிறுவனத்தின் ஏடிசி பட்டியலில், அதாவது மருந்துகளை வகை பிரித்துக் குறியீடு கொடுக்கும் பட்டியலில், ஆஸ்பிரினைத் தேடிப் பாருங்கள். மூன்று இடத்தில் கிடைக்கும். என்02பிஏ01 என்ற குறியீட்டில் வலி நிவாரணி, பி01ஏசி06 என்ற குறியீட்டில் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, ஏ01ஏடி05 என்ற குறியீட்டில் வாய்க்குள் பயன்படுத்தும் மருந்து. மூலக்கூறு என்னவோ ஒன்றேதான்.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் முறை குழம்புவது பெரும்பாலும் இங்கேதான். ‘ஆஸ்பிரின் எந்த வகை மருந்து?’ என்று கேட்டால் ஒரே பதில் வரும் என்று நினைத்துக்கொண்டு தேடுவார்கள், வராது, ஏனென்றால் கேள்வியே அரைகுறை. எதற்காகக் கொடுக்கிறோம், உடம்பில் எதன் மேல் போய் வேலை செய்கிறது, வேதியியலில் எந்தக் குடும்பம், குடலில் இருந்து ரத்தத்துக்கு எவ்வளவு சுலபமாகப் போகிறது என்று ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு தனி வகைப்பாடு இருக்கிறது. இதில் இரண்டாவது கேள்வியைப் பிடித்துக்கொண்டே போனால் புது மருந்து இலக்கு, அதாவது உடம்பில் மருந்து போய் வேலை செய்யும் பொருள், கண்டுபிடிக்கிற வேலைக்கு வந்து சேரலாம். அந்த வழியைத்தான் படிப்படியாக எழுதுகிறேன். உயிரியல் பட்டம் தேவையில்லை. பள்ளியில் படித்த புரதம், மரபணு, நொதி எல்லாம் மங்கலாக நினைவிருந்தால் போதும்.

முதல் படி: பத்து மருந்து, ஐந்து பத்தி

ஒரு எக்செல் தாளோ நோட்டோ எடுங்கள். பத்தே பத்து மருந்துகள். இருநூறு பெயரை மனப்பாடம் செய்யத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். என் பரிந்துரை: ஆஸ்பிரின், மெட்ஃபார்மின், புரோப்ரனலால், சால்பியூட்டமால், கேப்டோபிரில், அடோர்வாஸ்டாடின், ஒமிபிரசோல், அமாக்சிசிலின், இமாடினிப், சில்டெனாஃபில். இந்தப் பத்தில் ஏறக்குறைய எல்லா மாதிரியும் வந்துவிடும்.

பத்திகள், அதாவது மேலிருந்து கீழாகப் போகும் வரிசைகள், ஐந்து: பெயர், பயன்பாடு, இலக்கு, இலக்கை என்ன செய்கிறது, வேதிக் குடும்பம். ஆறாவதாக ஏடிசி குறியீட்டை ஓரமாக எழுதிக்கொள்ளுங்கள்.

குறியீட்டைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மெட்ஃபார்மினின் குறியீடு ஏ10பிஏ02. முதல் எழுத்து ஏ என்றால் செரிமானப் பாதையும் வளர்சிதை மாற்றமும். இப்படி மொத்தம் 14 பெரிய பிரிவுகள். ஏ10 என்றால் நீரிழிவு மருந்துகள். ஏ10பி என்றால் இன்சுலின் அல்லாமல் ரத்தச் சர்க்கரையைக் குறைப்பவை. ஏ10பிஏ என்றால் பைகுவானைடுகள். கடைசி 02 மெட்ஃபார்மினுக்கே உரியது. ஆக ஐந்து அடுக்கு.

இப்போது அக்கம்பக்கத்து வீடுகளையும் பாருங்கள். ஏ10பிஏ என்பது பைகுவானைடு, அதாவது வேதிக் குடும்பத்தின் பெயர். அதே வரிசையில் இருக்கும் ஏ10பிஹெச் என்பது டிபிபி-4 தடுப்பான்கள், ஏ10பிகே என்பது எஸ்ஜிஎல்டி2 தடுப்பான்கள். இவை இரண்டும் இலக்கின் பெயரால் வந்தவை. ஒரே அடுக்கில் ஒரு இடத்தில் வேதியியல், இன்னொரு இடத்தில் செயல்முறை! ஒழுங்கை விரும்புகிறவர்களுக்கு எரிச்சல் வரும், ஆனால் அந்தக் கலப்பிலேயே வரலாறு தெரிகிறது. பழைய மருந்துகள் எதன் மேல் வேலை செய்கின்றன என்று தெரியாமலே பயன்பாட்டுக்கு வந்தவை, அதனால் மூலக்கூறின் உருவத்தை வைத்துப் பெயர். புதியவை இலக்கை முதலில் முடிவுசெய்துவிட்டு அதற்காகவே செய்தவை, அதனால் இலக்கின் பெயர்.

இது தவிர உயிர்மருந்தியல் வகைப்பாடு என்று ஒன்று 1995-ல் வந்தது. தண்ணீரில் கரைவது, குடல் சுவரைத் தாண்டுவது என்ற இரண்டு குணத்தை வைத்து நான்கு வகுப்பு. மாத்திரை தயாரிப்பவர்களுக்கு அது உயிர்நாடி. இலக்கு தேடுபவர்கள் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு நகர்ந்துவிடலாம்.

இரண்டாம் படி: பெயரின் வாலைப் பிடிப்பது

மருந்தின் பொதுப்பெயருக்கு ஒரு வால் இருக்கும், அது குடும்பத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ‘-லால்’ என்று முடிந்தால் பீட்டா தடுப்பான், ‘-பிரில்’ என்றால் ஏசிஈ நொதியைத் தடுப்பது, ‘-சார்டன்’ என்றால் ஆஞ்சியோடென்சின் ஏற்பியை (ஏற்பி என்பது செல்லுக்கு வரும் செய்தியை வாங்கும் புரதம்) தடுப்பது, ‘-டினிப்’ என்றால் டைரோசின் கைனேஸ் என்ற நொதி வகையின் தடுப்பான், ‘-கிளிப்டின்’ என்றால் டிபிபி-4 தடுப்பான். இதெல்லாம் தற்செயலாக அமைந்ததில்லை, உலக சுகாதார நிறுவனம் 1950-களில் இருந்து இந்தப் பொதுப்பெயர்களை ஒழுங்குபடுத்தி வருகிறது.

ஆனாலும் வாலை மட்டும் நம்பி ஓடினால் குப்புற விழுவீர்கள். நிஸ்டாடின் என்று ஒரு மருந்து இருக்கிறது, ஓசையை வைத்துக் கொலஸ்ட்ரால் மருந்து என்றுதான் தோன்றும், உண்மையில் அது பூஞ்சைக்கு எதிரானது. நியூயார்க் மாநிலத்தில் கண்டுபிடித்ததால் அந்த மாநிலத்தின் பெயரை வைத்து அப்படி அழைத்தார்கள். ஒமிபிரசோல் வயிற்று அமிலத்துக்கு, அரிபிபிரசோல் மனநல மருந்து. வால் ஒன்றுபோலத் தெரிந்தாலும் வேறு குடும்பம். எதிர்ப்புரத (ஆன்டிபாடி) மருந்துகளின் ‘-மாப்’ என்ற புகழ்பெற்ற வாலைக்கூட 2021-ல் நான்கு புது வால்களாகப் பிரித்துவிட்டார்கள், அதற்குப் பிறகு பெயர் பெறுபவை ‘-டக்’, ‘-பார்ட்’ என்றெல்லாம் முடியும். வால் ஒரு துப்பு, அவ்வளவுதான்; அது சொல்வதைச் சரிபார்த்துவிட்டுத் தாளில் ஏற்றுங்கள்.

மூன்றாம் படி: இலக்குப் பத்தியை அரைகுறையாக விடாதீர்கள்

‘பீட்டா தடுப்பான்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடாதீர்கள். எந்த பீட்டா? இதயத்தில் பீட்டா-1 ஏற்பி, மூச்சுக்குழாயில் பீட்டா-2 ஏற்பி. புரோப்ரனலால் இரண்டையும் தடுக்கும், அதனால்தான் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து. சால்பியூட்டமால் அதே பீட்டா-2 ஏற்பியைத் தூண்டுகிறது, மூச்சுக்குழாய் விரிகிறது. ஒரே இலக்கு, எதிரெதிர் திசை. ஆகவே இலக்கின் முழுப் பெயர், தூண்டுகிறதா தடுக்கிறதா, ஒட்டிக்கொண்டு விடவே விடாதா அல்லது வந்து வந்து போகிறதா என்ற மூன்றையும் எழுதினால்தான் அந்தக் கட்டம் நிரம்பியதாகக் கணக்கு.

மூன்றாவதாகச் சொன்னேனே, அதை நிறையப் பேர் தவிர்த்துவிடுகிறார்கள். ஆஸ்பிரினின் மூன்று முகவரிக் குழப்பத்துக்கு விடை அதில்தான் இருக்கிறது. ஆஸ்பிரின் காக்ஸ் என்ற நொதிக்குள் நுழைந்து, அங்கே இருக்கும் ஒரு சீரின் அமினோ அமிலத்தின் மேல் தன்னுடைய அசிட்டைல் குழுவை ஒட்டவைத்துவிட்டுப் போய்விடுகிறது. அந்த நொதி அத்தோடு முடிந்தது. சாதாரண செல்லாக இருந்தால் புது நொதியைத் தயாரித்துக்கொள்ளும். ரத்தத் தட்டணுவுக்கு, அதாவது பிளேட்லெட்டுக்கு, உட்கருவே கிடையாது, அதனால் புது நொதி செய்ய வழியில்லை. தன் ஆயுள் முழுக்க, ஏழு முதல் பத்து நாள் வரை, அது முடங்கியே கிடக்கும். தினமும் சின்ன அளவு ஆஸ்பிரின் ரத்தம் உறைவதைத் தடுப்பது இந்த ஒட்டுதலால்தான். ஐபுப்ரோஃபென் அதே நொதியைத்தான் தடுக்கிறது, ஆனால் சில மணி நேரத்தில் விலகிவிடும். அதனால் அது வலி நிவாரணியாகவே நின்றுவிட்டது. அதைவிட வேடிக்கை, ஐபுப்ரோஃபெனை முதலில் விழுங்கினால் அது வழியை அடைத்துக்கொண்டு ஆஸ்பிரினை அந்தச் சீரினுக்குப் பக்கத்திலேயே விடாது. இந்த நொதி வழியாக உடம்பு செய்யும், வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளான்டின்களின் உற்பத்தியை ஆஸ்பிரின் தடுக்கிறது என்று ஜான் வேன் என்ற மருந்தியலாளர் காட்டியது 1971-ல். அந்த மருந்து அதற்குள் எழுபது ஆண்டுக்கு மேல் விற்பனையில் இருந்துவிட்டது.

நான்காம் படி: இலக்கு என்றால் என்ன என்று தெளிவாகிக்கொள்வது

பெரும்பாலான இலக்குகள் புரதங்கள். ஏற்பிகள், நொதிகள், அயனி வாய்க்கால்கள், செல்லுக்குள் பொருளைக் கடத்தும் கடத்திகள், உட்கருவில் இருக்கும் ஏற்பிகள் என்று பெரிய குடும்பங்கள் சில. இவற்றில் ஜிபிசிஆர் எனப்படும் ஏற்பிக் குடும்பம் தனி ராஜ்ஜியம்; அனுமதி பெற்ற மருந்துகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதன் மேல்தான் வேலை செய்கிறது. அமாக்சிசிலினைப் போல இலக்கு நம் உடம்பிலேயே இல்லாமல் பாக்டீரியாவில் இருப்பதும் உண்டு. அண்மைக் காலத்தில் ஆர்என்ஏ-வையே இலக்காக்கும் மருந்துகளும் வந்துவிட்டன.

மனிதர்களில் புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் சுமார் 20,000. அனுமதி பெற்ற மருந்துகள் எல்லாம் சேர்ந்து தொடுவது அதில் சுமார் 700 புரதங்களை மட்டுமே. மீதியெல்லாம் பொன்விளையும் பூமி என்று நினைத்துவிட வேண்டாம், பெரும்பாலானவற்றைத் தொட்டால் நோய்க்கு ஒன்றும் ஆகாது, சிலவற்றைத் தொட்டால் ஆளுக்கே ஆபத்து.

மருந்தும் இலக்கும் எந்த வரிசையில் வரும் என்பதற்கும் சட்டம் கிடையாது. எசெடிமைப் என்ற கொலஸ்ட்ரால் மருந்து 2002-ல் அனுமதி பெற்றது, அது பிடிக்கும் என்பிசி1எல்1 என்ற புரதம் எது என்று தெரிந்தது 2004-ல். தாலிடமைடு 1957-ல் சந்தைக்கு வந்து பேரழிவை உண்டாக்கிவிட்டுப் போனது. அது செரிப்ளான் என்ற புரதத்தைப் பிடிக்கிறது என்று தெரிய 2010 ஆயிற்று. எனவே இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, செல்லிலோ விலங்கிலோ நல்ல விளைவைக் காட்டும் மூலக்கூறைப் பிடித்துவிட்டு அப்புறம் இலக்கைத் தேடுவது. மற்றொன்று, இலக்கை முதலில் தேர்ந்துகொண்டு அதற்கு மூலக்கூறு தேடுவது. இனி நான் சொல்லப்போவது இரண்டாவது வழி, புதியவர்களுக்கு உட்கார்ந்த இடத்தில் இருந்தே பழகிக்கொள்ள முடிவது அதுதான்.

ஐந்தாம் படி: எங்கே தேடுவது

முதல் இடம் மனித மரபியல். இதில் எனக்குக் கொஞ்சம் பக்கச்சார்பு உண்டு, ஆனால் காரணத்தோடுதான். எலியில் வேலை செய்தது மனிதரில் வேலை செய்யாமல் போவது சகஜம். இயற்கையோ கோடிக்கணக்கான மனிதர்களிடம் ஏற்கனவே சோதனை செய்து வைத்திருக்கிறது; சிலருக்கு ஒரு மரபணு பிறவியிலேயே ஓங்கி நிற்கும், சிலருக்கு உடைந்தே இருக்கும். அவர்களுக்கு என்ன ஆனது என்று பார்த்தால், அந்தப் புரதத்தை மருந்தால் தடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு முன்னோட்டம் கிடைத்துவிடும்.

இதற்குப் பாடமாக பிசிஎஸ்கே9-ஐ விட நல்ல கதை எனக்குத் தெரிந்து கிடையாது. 2003-ல் பிரான்சில், பரம்பரையாகக் கொலஸ்ட்ரால் மிக அதிகமாக இருந்த குடும்பங்களில் இந்த மரபணுவில் மாற்றங்களைக் கண்டார்கள். அந்த மாற்றங்கள் புரதத்தின் வேலையை அதிகப்படுத்துபவை. அடுத்து டாலஸ் நகரில் ஓர் ஆய்வுக்குழு தலைகீழாகத் தேடியது: கொலஸ்ட்ரால் மிகக் குறைவாக இருப்பவர்களிடம் இதே மரபணு எப்படி இருக்கிறது? சிலரிடம் உடைந்திருந்தது. 2006-ல் வந்த முடிவு இன்னும் அசரவைத்தது. உடைந்த பிரதி ஒன்றைச் சுமந்த கறுப்பின அமெரிக்கர்களுக்கு எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 28 விழுக்காடு குறைவு, இதய ரத்தநாள நோய் வாய்ப்பு 88 விழுக்காடு குறைவு. இரண்டு பிரதியும் உடைந்து, ரத்தத்தில் அந்தப் புரதமே இல்லாத ஒரு பெண்ணையும் கண்டார்கள், அவருடைய எல்டிஎல் ஒரு டெசிலிட்டருக்கு 14 மில்லிகிராம், ஆளோ ஆரோக்கியமாக இருந்தார்.

அடுக்கிப் பாருங்கள். புரதம் கூடினால் நோய், குறைந்தால் பாதுகாப்பு, முற்றிலும் இல்லாவிட்டாலும் பாதகம் தெரியவில்லை. செயல்முறையும் பொருந்தி வந்தது. கல்லீரல் செல்லின் மேல் இருக்கும் எல்டிஎல் ஏற்பி கொலஸ்ட்ராலைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் இறக்கிவிட்டு மறுபடி மேலே வந்து நிற்கும், திரும்பத் திரும்ப இதே சுற்று. பிசிஎஸ்கே9 அந்த ஏற்பியில் ஒட்டிக்கொண்டால் ஏற்பி மேலே திரும்பாமல் உள்ளேயே சிதைந்துபோகும். ஆகவே பிசிஎஸ்கே9-ஐ மடக்கினால் ஏற்பிகள் பெருகும், ரத்தத்தில் எல்டிஎல் குறையும். 2015-ல் இதன் மேல் இரண்டு எதிர்ப்புரத மருந்துகள் அனுமதி பெற்றன. முதல் மரபணுச் செய்தியில் இருந்து பன்னிரண்டே ஆண்டு, இந்தத் துறையில் இது ஓட்டமாக ஓடியதற்குச் சமம்.

ஒரு எண்ணையும் நினைவில் வையுங்கள்: மனித மரபியல் ஆதாரம் உள்ள மருந்துத் திட்டங்கள், அது இல்லாதவற்றைவிட 2.6 மடங்கு வெற்றி வாய்ப்போடு மருத்துவப் பரிசோதனைகளைத் தாண்டுகின்றன என்று 2024-ல் ஒரு பெரிய கணக்கெடுப்பு வந்தது.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரிஸ்பர் கருவியால் ஒவ்வொரு மரபணுவாக வெட்டிப் பார்த்து எதை வெட்டினால் நோய்ச் செல் சாகிறது என்று தேடுவது. நோயுற்ற திசுவில் எந்தப் புரதம் கூடியிருக்கிறது என்று ஒப்பிடுவது. பழைய மருந்துக்குப் புது வேலை தேடுவது. நெஞ்சுவலிக்காகச் சோதித்த சில்டெனாஃபில் 1998-ல் வேறொரு பயனுக்கு அனுமதி பெற்றது, 2005-ல் நுரையீரல் ரத்த அழுத்தத்துக்கும் பெற்றது, எல்லாவற்றுக்கும் இலக்கு பிடிஈ5 என்ற நொதி ஒன்றேதான். ‘நோயுற்ற திசுவில் கூடியிருக்கிறது’ என்ற ஆதாரத்தை மட்டும் தனியாக வந்தால் நம்பாதீர்கள். தீப்பிடித்த இடத்தில் எல்லாம் தீயணைப்பு வண்டி நிற்கும், அதனால் வண்டிதான் தீ வைத்தது என்று ஆகிவிடாது.

ஆறாம் படி: ஒரு பெயரை மேசையிலேயே சோதிப்பது

கையில் ஒரு மரபணுப் பெயர் இருக்கிறது என்று வையுங்கள். கட்டணம் இல்லாமல் திறந்திருக்கும் தரவுத்தளங்களில் அதைப் பற்றி ஒரு மாலைக்குள் நிறையவே தெரிந்துகொள்ளலாம். நான் போகும் வரிசை இது. முதலில் யூனிபுரோட், புரதம் என்ன செய்கிறது, செல்லின் உள்ளேயா வெளியேயா என்று பார்க்க. அடுத்து ஹியூமன் புரோட்டீன் அட்லஸும் ஜிடெக்ஸும், எந்தெந்த உறுப்பில் இருக்கிறது என்று பார்க்க. இதயத்திலும் மூளையிலும் எக்கச்சக்கமாக இருந்தால் பக்கவிளைவுக் கவலையை அப்போதே குறித்துவிடுங்கள். பிறகு நோமாட், பொதுமக்களில் இந்த மரபணு உடைந்த நிலையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று. எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக இருந்தால் அது இல்லாமல் உடம்பு சமாளிக்காது என்று பொருள், முழுதாகத் தடுக்கும் மருந்தைப் பற்றி இரண்டு முறை யோசிக்க வேண்டும். அப்புறம் ஓப்பன் டார்கெட்ஸ், எந்த நோயோடு என்ன ஆதாரம் இருக்கிறது என்று. கெம்பிள், ஏற்கனவே ஏதாவது மூலக்கூறு இதைப் பிடிக்கிறதா என்று. புரத வடிவத்துக்கு பிடிபி, அதில் இல்லாவிட்டால் ஆல்ஃபாஃபோல்டின் கணிப்பு, 20 கோடிக்கு மேல் புரத வடிவங்கள் அதில் இருக்கின்றன. கடைசியாக கிளினிக்கல்டிரையல்ஸ் தளம், யாராவது முயன்று தோற்றிருக்கிறார்களா என்று.

கடைசியில் சொன்னதை முதலிலேயே பார்த்திருந்தால் எனக்கு ஒரு முழு மாதம் மிச்சமாகியிருக்கும், அது வேறு கதை.

இதில் இரண்டு கண்ணிகள் உண்டு. ஓப்பன் டார்கெட்ஸ் தரும் மதிப்பெண்ணை வெற்றி வாய்ப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது எவ்வளவு ஆதாரம் குவிந்திருக்கிறது என்று மட்டுமே சொல்லும். நிறையப் பேர் நிறையக் கட்டுரை எழுதிய மரபணுவுக்கு மதிப்பெண் தானாக ஏறும். எண்ணைச் சொடுக்கி உள்ளே போய், அது மரபியலில் இருந்து வந்ததா, வெறுமனே கட்டுரைகளில் இரண்டு பெயரும் சேர்ந்து வந்ததாலா என்று பாருங்கள்.

இரண்டாவது, பெயர்கள். ஹெர்2, ஈஆர்பிபி2, நியூ எல்லாம் ஒரே மரபணு. ஒரு பெயரில் தேடிவிட்டு ‘ஒன்றுமே இல்லை’ என்று முடிவுசெய்யாதீர்கள். எக்செல் செய்யும் அட்டூழியம் தனி: செப்ட்2, மார்ச்1 என்ற மரபணுப் பெயர்களை அது தேதி என்று நினைத்து செப்டம்பர் 2, மார்ச் 1 என்று மாற்றிவிடும். ஆராய்ச்சிக் கட்டுரைகளின் அட்டவணைகளிலேயே இந்தப் பிழை மலிந்துபோனதால் 2020-ல் பெயர்சூட்டும் குழுவே இறங்கிவந்து அந்த மரபணுக்களின் பெயரை மாற்றிவிட்டது. மென்பொருளைத் திருத்துவதைவிட மனித மரபணுவின் பெயரை மாற்றுவது சுலபம் என்று ஆகிவிட்டது பாருங்கள். பெயர்ப் பத்தியை எழுத்து வடிவத்தில் வைத்துவிட்டு ஒட்டுங்கள்.

ஏழாம் படி: உங்கள் இலக்கை நீங்களே உடைத்துப் பார்ப்பது

நிறைய வழிகாட்டிகள் இதை ஒரு வரியில் முடித்துவிடுவார்கள், நான் இதில்தான் அதிக நேரம் செலவழிப்பேன். ஒரு இலக்கு என்பது ‘இந்தப் புரதத்தை மாற்றினால் இந்த நோய் மாறும்’ என்று நாம் வைக்கும் ஒரு வாதம். வாதத்துக்கு ஆதரவாக ஆதாரம் தேடினால் எப்படியும் கிடைத்துவிடும். எதிராகத் தேட வேண்டும்.

மெல்க் என்ற கைனேஸை எடுத்துக்கொள்ளுங்கள். பல புற்றுநோய்களில் அது கூடியிருந்தது. ஆர்என்ஏ குறுக்கீடு என்ற முறையால் அதன் அளவைக் குறைத்தபோது புற்றுநோய்ச் செல்கள் செத்தன. ஓடிஎஸ்167 என்ற மூலக்கூறு அதைத் தடுத்தது, செல்களையும் கொன்றது, நோயாளிகளிடம் பரிசோதனை வரைக்கும் போனது. எல்லாமே கச்சிதமாகத் தெரிகிறது, இல்லையா? 2017-ல் ஓர் ஆய்வுக்குழு கிரிஸ்பரால் மெல்க் மரபணுவையே வெட்டியெடுத்தது. செல்கள் ஒன்றுமே நடக்காததுபோல வளர்ந்தன. சரி என்று, மெல்க் இல்லாத அந்தச் செல்களுக்கு அதே ஓடிஎஸ்167-ஐக் கொடுத்தார்கள். முன்பு செத்ததுபோலவே செத்தன! இலக்கே இல்லாத செல்லையும் மருந்து கொல்கிறது என்றால் அது வேறு எதையோ பிடித்துக் கொன்றுகொண்டிருந்திருக்கிறது. பழைய ஆர்என்ஏ சோதனைகளும் பக்கத்தில் வேறு எதையோ தாக்கியிருக்க வேண்டும்.

அந்தக் குழு அதோடு நிற்கவில்லை, 2019-ல் பரிசோதனையில் இருந்த பத்துப் புற்றுநோய் மருந்துகளை இதே போலச் சோதித்தது. பத்தும் தங்கள் பெயரில் எழுதியிருந்த இலக்கு இல்லாமலே செல்லைக் கொன்றன. அதில் ஓடிஎஸ்964 என்ற ஒன்றுக்கு உண்மையான இலக்கு சிடிகே11 என்று தெரியவந்தது. நம்முடைய ஐந்து பத்தித் தாளில் மூன்றாவது பத்தி எத்தனை மருந்துகளுக்குத் தப்பாக நிரப்பியிருக்கலாம் என்று அப்போதுதான் உறைக்கும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள்: மரபணுவை முழுதாக அகற்றினாலும் அதே விளைவு வருகிறதா? அகற்றிய பிறகு மருந்து கொடுத்தால் விளைவு நின்றுபோகிறதா? மருந்து ஒட்ட முடியாதபடி மாற்றிய புரதத்தைத் திரும்ப வைத்தால் செல் தப்பிக்கிறதா? உருவம் வேறான இரண்டாவது மூலக்கூறாலும் அதே விளைவு வருகிறதா? ஆய்வகம் இல்லாதவர்களும் இந்தக் கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு கட்டுரைகளைப் படிக்கலாம், எத்தனை கட்டுரைகள் இதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்.

இன்னொரு வகை ஏமாற்றம், அளவுகோலை நோய் என்று நினைத்துக்கொள்வது. எச்டிஎல் எனப்படும் நல்ல கொலஸ்ட்ரால் அதிகம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு குறைவு, எனவே எச்டிஎல்-ஐ ஏற்றினால் நல்லது என்று சிஇடிபி என்ற புரதத்தைத் தடுக்கும் டோர்செட்ராபிப்பை உருவாக்கினார்கள். சுமார் 15,000 பேர் கொண்ட பரிசோதனை. எச்டிஎல் 72 விழுக்காடு ஏறியது. கூடவே இறப்பும் ஏறியது, 2006 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். அந்த மூலக்கூறு ரத்த அழுத்தத்தையும் ஏற்றியது என்பது ஒரு பக்கம். ஆனால் பிறவியிலேயே எச்டிஎல் மட்டும் அதிகமாக இருக்கும் மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கும் மாரடைப்பு குறையவில்லை என்று 2012-ல் காட்டினார்கள். இந்த மரபியல் கேள்வியை முன்கூட்டியே கேட்க அன்றைக்குத் தரவு இல்லை. இன்று உங்களுக்கு இருக்கிறது.

எட்டாம் படி: பிடிக்க முடியுமா

இலக்கு சரியானதாகவே இருந்தாலும் அதைப் பிடிக்க மருந்துக்கு ஓர் இடம் வேண்டும். மாத்திரையாக விழுங்கும் சிறு மூலக்கூறு என்றால் புரதத்தில் அது போய் உட்கார ஒரு குழி வேண்டும். எதிர்ப்புரதம் என்றால் இலக்கு செல்லுக்கு வெளியே இருக்க வேண்டும், அது உள்ளே போகாது. பிசிஎஸ்கே9 ரத்தத்தில் மிதப்பதால் எதிர்ப்புரதத்துக்கு வசதியாக அமைந்தது. அதுவே ஏற்பியோடு ஒட்டும் பரப்பு தட்டையானது என்பதால் மாத்திரை செய்கிறவர்களுக்குப் பெரும் பாடாகிவிட்டது.

‘இதைப் பிடிக்கவே முடியாது’ என்று யாராவது சொன்னால் அதையும் தேதி போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மனிதப் புற்றுநோயில் கேராஸ் மரபணுவின் பங்கு 1982-லேயே தெரிந்துவிட்டது. ஆனால் அந்தப் புரதம் வழுக்கும் கூழாங்கல் மாதிரி, குழியே இல்லை என்று முப்பது ஆண்டு கைகழுவி வைத்திருந்தார்கள். ஜி12சி என்ற மாற்றத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஒன்று புதிதாக முளைக்கிறது, அதில் கொக்கி போட்டால் பக்கத்தில் ஒரு குழி திறக்கிறது என்று 2013-ல் கண்டார்கள். 2021-ல் அந்தக் குழியைப் பிடிக்கும் சோடோராசிப் என்ற மருந்து வந்தது.

ஒன்பதாம் படி: ஒரே பக்கம் எழுதுவது

இவ்வளவும் பார்த்த பிறகு ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். முதல் வரி வாதம்: எந்தப் புரதம், எந்த நோய், கூட்ட வேண்டுமா குறைக்க வேண்டுமா. அடுத்து ஆதரவான ஆதாரங்கள், மரபியல் முதலில். அதற்குச் சமமான இடத்தில் எதிரான ஆதாரங்கள். எந்த உறுப்பில் தொல்லை வரலாம். எந்த வகை மருந்தால் பிடிக்கலாம். கடைசி வரி: எந்தப் பரிசோதனை என்ன முடிவைக் காட்டினால் இதைக் கைவிடுவேன் என்று. அந்தக் கடைசி வரியை எழுதமுடியவில்லை என்றால் ஏழாம் படிக்குத் திரும்புங்கள்.

பழகிப் பார்க்க, விடை தெரிந்த இரண்டு பெயர்களைத் தருகிறேன். ஒன்று சிசிஆர்5: இந்த மரபணுவில் ஒரு துண்டு இல்லாமல் இரண்டு பிரதியும் உடைந்திருப்பவர்களுக்கு எச்ஐவி பெரும்பாலும் தொற்றுவதில்லை என்று 1996-ல் தெரிந்தது. மற்றொன்று எஸ்சிஎன்9ஏ, அதாவது என்ஏவி1.7 என்ற சோடியம் வாய்க்கால்: இது பிறவியிலேயே வேலை செய்யாதவர்களுக்கு வலியே தெரிவதில்லை என்று 2006-ல் வந்தது. இரண்டுக்கும், அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்காமல், அந்தந்த ஆண்டில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு பக்கம் எழுதுங்கள். எழுதி முடித்த பிறகு கீழே படியுங்கள்.

சிசிஆர்5 மேல் வேலை செய்யும் மராவிராக் என்ற எச்ஐவி மருந்து 2007-ல் அனுமதி பெற்றது. என்ஏவி1.7 மரபியலில் அவ்வளவு பளிச்சென்று இருந்தும் மூலக்கூறுகள் பரிசோதனையில் ஒன்றன் பின் ஒன்றாகச் சறுக்கின. ஒன்றுக்கொன்று மிக ஒத்த ஒன்பது சோடியம் வாய்க்கால்களில் ஒன்றை மட்டும் பிடிக்க வேண்டும், அதில் என்ஏவி1.5 இதயத்தில் இருக்கிறது. வலிக்கான சோடியம் வாய்க்கால் மருந்தாக 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சுசெட்ரிஜின் பிடிப்பது அதன் உறவுக்கார வாய்க்காலான என்ஏவி1.8-ஐ. உங்கள் பக்கத்தில் ‘எந்த உறுப்பில் தொல்லை வரலாம்’ என்ற இடத்தில் இதயத்தை எழுதியிருந்தீர்களா என்று பாருங்கள்.